வெள்ளம் வந்நில்ல! - கணிப்பொறிக்கும் வட்டார வழக்கு உண்டு



நான் திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில், திருநெல்வேலியிலிருந்து என் தாயார் வந்து எங்களோடு தங்கியிருந்தார்கள். ஒருநாள் காலையில் பக்கத்து வீட்டு அம்மாள் வேலியருகே வந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இன்னு வெள்ளம் வந்நில்ல" என்றார். என் தாயார் உடனே இரு கைகளையும் கூப்பி, "எல்லாம் கடவுள் புண்ணியம்!" என்றார்கள். குழாயில் தண்ணீர் வராததற்கு இந்த அம்மாள் ஏன் கடவுளுக்கு நன்றி சொல்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர் திகைத்துப் போனார். தாமிரபரணியில் வெள்ளம் பார்த்த என் தாயாருக்கோ, வெள்ளம் வராமல் இருப்பதைவிட நல்ல செய்தி வேறென்ன?

இங்கே குடியேறிய ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திலும் இப்படி ஒரு கதை இருக்கும். நமக்கு 'அவசரம்' என்றால் தாமதிக்க முடியாதது. மலையாளத்தில் அது வாய்ப்பு. நமக்குச் 'சம்சாரம்' வீட்டிலிருப்பவர். அவர்களுக்குச் சம்சாரம் பேச்சு. தெரியாத ஒரு சொல் காதில் விழுந்தால் "என்ன சொன்னீர்கள்?" என்று திருப்பிக் கேட்டுவிடுவோம். அதனால் கெடுதல் இல்லை. தெரிந்த சொல்லே வேறு பொருளில் வரும்போதுதான் கேட்கத் தோன்றாது. புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

கணிப்பொறிகளுக்கு இடையிலும் இதே சங்கடம் உண்டு என்பதை நான் ஓய்வு பெற்ற பிறகே அறிந்துகொண்டேன். அதை அறிய ஓர் ஆச்சியின் பெயர் காணாமல் போக வேண்டியிருந்தது. நான் கணிப்பொறி படித்தவன் அல்லன். சிவில் என்ஜினியரிங்கில் டிப்ளமோ முடித்து, இரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்தவன். என் சிற்றறிவுக்கு எட்டியவரை, நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் புரியும்படி இதை எழுத முயல்கிறேன். வீட்டில் மென்பொருள் துறைப் பிள்ளைகள் இருந்தால், பிழை இருப்பின் அவர்கள் திருத்தட்டும்.

ஆச்சியின் பெயர் எங்கே?

ஓய்வு பெற்ற ஊழியர்களும் அவர்களது குடும்பத்தாரும் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய நலச் சங்கத்தில் நானும் கணக்கு வழக்குகளைப் பார்த்து வருகிறேன். சங்கத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, கணவரை இழந்த உறுப்பினர் குடும்பங்களுக்கு ஒரு சிறு தொகை உதவியாக வழங்குவோம். பெரிய தொகை அல்ல. ஆனால் மருந்துக் கடைக் கடனை அடைக்க அதை எதிர்பார்த்திருப்பவர்கள் உண்டு.

எங்கள் உறுப்பினர் பட்டியல் பல ஆண்டுகளாக ஆரக்கிள் என்ற டேட்டாபேஸில் இருந்தது. டேட்டாபேஸ் என்றால் தகவல்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி வைத்திருக்கும் பெரிய பேரேடு என்று கொள்ளலாம். பழைய கணிப்பொறி தளர்ந்துபோகவே, புதிதாக உரிமக் கட்டணம் கட்டும் வசதி இல்லாமல், கட்டணமில்லாத போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸுக்கு மாறினோம். திருவனந்தபுரத்தில் அப்படி மாறுவது புதுமையும் அல்ல. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் ரிச்சர்டு ஸ்டால்மன் முன்னிலையில் தொடங்கப்பட்டது இந்த ஊரில்தான். மாற்றும் வேலையை ஓர் இளைஞர் ஊதியம் வாங்காமல் செய்து கொடுத்தார். எல்லாம் ஓடியது. ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. நாங்களும் மகிழ்ந்து தேநீர் அருந்தினோம்.

அந்த ஆண்டு உதவித்தொகை வழங்கும் நாளில், தென்காசிப் பக்கத்து ஆச்சி ஒருவர் வரிசையில் நின்று மேசைக்கு வந்தார். கணவர் கேங்மேனாக இருந்து காலமானவர். பட்டியலை மேலிருந்து கீழாக இருமுறை பார்த்தேன். பெயர் இல்லை.

"எம் பேரு விட்டுப்போச்சா தம்பி? இல்ல, நிறுத்திட்டீகளா?" என்றார்.

முதல் கேள்வியைவிட இரண்டாவது கேள்விதான் என்னைச் சுட்டது. தம்மை யாரோ வேண்டுமென்றே நீக்கிவிட்டதாக அவர் நினைத்திருக்கிறார்; அப்படியும் சண்டை பிடிக்காமல் தாழ்ந்த குரலில் கேட்கிறார். அவரை உட்காரவைத்துவிட்டுப் பழைய பட்டியலை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஒருவர் அல்லர், பதினொரு பேர் குறைந்திருந்தார்கள். மற்ற பத்துப் பேர் கேட்க வரவே இல்லை.

ஒரு மொழி, பல வழக்கு

அன்றிரவு என் மருமகளிடம் இதைச் சொன்னேன். அவள் டெக்னோபார்க்கில் மென்பொருள் எழுதுபவள். பட்டியலையும் நிரலையும் பார்த்துவிட்டு, "மாமா, இது பிரிண்டர் கோளாறு இல்லை, தகவலும் அழியலை. பதினொரு பேரும் உள்ளேதான் இருக்காங்க. ரெண்டு டேட்டாபேஸும் ஒரே மொழிதான் பேசுது. ஆனா ஒண்ணு நாகர்கோவில், இன்னொண்ணு சென்னை" என்றாள். அவள் எனக்குச் சொன்னதையும், பிறகு நான் படித்ததையும் சேர்த்துத் தருகிறேன்.

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழிக்கு எஸ்.க்யூ.எல். என்று பெயர். தகவல்களை அட்டவணைகளாக வைக்கலாம் என்ற கருத்தை 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் வெளியிட்டார். அதையொட்டி, அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்டு சேம்பர்லினும் ரேமண்டு பாய்ஸும் 1974-இல் 'சீக்வெல்' என்ற மொழியை அறிமுகப்படுத்தினார்கள். அந்தப் பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகச் சின்னமாக இருந்ததால் எஸ்.க்யூ.எல். எனச் சுருங்கியது. 1979-இல் ஆரக்கிள் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு 1986-இலும், உலகத் தர நிர்ணய அமைப்பு 1987-இலும் அதற்கு இலக்கணம் வகுத்தன.

மொழி பிறந்து கடைவீதிக்கு வந்த பிறகே இலக்கணம் வந்தது என்பதைக் கவனியுங்கள். அதற்குள் ஒவ்வொரு நிறுவனமும் தன் வழக்கில் பேசப் பழகிவிட்டது. இலக்கணம் வந்தபின்னும், அதில் இல்லாதவற்றை ஒவ்வொருவரும் தம் விருப்பம்போல் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு வந்த மைஎஸ்கியூஎல், மைக்ரோசாப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர், நம் கைப்பேசிகளுக்குள் ஓசையின்றி உட்கார்ந்திருக்கும் எஸ்கியூலைட் ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவான தமிழ் உண்டு. சொந்த வட்டார வழக்கும் உண்டு. மென்பொருள்காரர்களே இதை 'டயலெக்ட்', அதாவது வட்டார வழக்கு, என்றுதான் சொல்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: "முதல் பத்துப் பெயர்களை மட்டும் கொடு" என்று கேட்க வேண்டும். மைஎஸ்கியூஎல்லிடமும் போஸ்ட்கிரெஸ்ஸிடமும் கேள்வியின் கடைசியில் 'லிமிட் 10' என்று சேர்க்க வேண்டும். மைக்ரோசாப்டிடம் தொடக்கத்திலேயே 'டாப் 10' என்று சொன்னால் போதும். ஆரக்கிளிடம் வெகுகாலம் 'ரோநம்' என்ற வரிசை எண்ணை வைத்துச் சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. 2013-இல் வந்த 12-ஆம் பதிப்பில்தான் நேர்வழி கிடைத்தது. இத்தனைக்கும் இந்தச் சிறு தேவைக்கு உலக இலக்கணத்தில் இடம் கிடைத்ததே 2008-இல்தான்.

துபாஷி

ஒரு நிரலை எழுதியவர், ஒவ்வொரு டேட்டாபேஸுக்காகவும் அதைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்க முடியுமா? இதற்காகத்தான் இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்தார்கள். ஓ.ஆர்.எம். என்று அதற்குப் பெயர். ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநரிடம் துபாஷியாக இருந்தார் என்று படித்திருப்பீர்கள். அதுபோல ஓ.ஆர்.எம். நிரலுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே நிற்கும் துபாஷி.

நிரல் எழுதுபவர் 'உறுப்பினர்' என்று ஒரு பொருளைக் கற்பனை செய்து, "கணவரை இழந்த உறுப்பினர்களில் முதல் பத்துப் பேர்" என்று தம் நடையில் கேட்கிறார். துபாஷி அதை முதலில் எந்த வழக்கும் கலவாத ஒரு பொது வடிவில் குறித்துக்கொள்கிறது. பிறகு, எதிரே இருப்பது யார் என்று பார்த்து, அவருடைய வழக்கில் பேசுகிறது. வரும் பதிலை மீண்டும் உறுப்பினர் என்ற பொருளாக மாற்றித் தருகிறது.

ஜாவா மொழிக்காக 2001-இல் கேவின் கிங் தொடங்கிய ஹைபர்நேட், பைத்தான் மொழிக்காக 2005-இல் வெளியான ஜாங்கோ, 2006-இல் மைக் பேயர் வெளியிட்ட எஸ்கியூஎல்அல்கெமி ஆகியவை இவற்றில் பெயர் பெற்றவை. ஜாங்கோ பிறந்தது அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் என்பது நம் பத்திரிகை வாசகர்களுக்குச் சுவையான செய்தி.

ஜாங்கோவின் உள்ளமைப்பை மருமகள் திறந்து காட்டினாள். ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனி அறை. அறைக்குள் பல கோப்புகள். ஒரு கோப்பு, "இவரிடம் இந்த வசதி உண்டா, இல்லையா?" என்ற நீண்ட பட்டியல். இன்னொன்று, "இதை இவரிடம் எப்படிச் சொல்ல வேண்டும்?" என்ற குறிப்பு. எங்கள் காலத்தில் ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு பதிவேடு வைத்திருப்போம்; எத்தனை கண், எந்த எடை தாங்கும், என்ன வேகத்தில் போகலாம் என்று அதில் இருக்கும். எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. வண்டி ஒன்றுதான், பாலத்துக்குப் பாலம் கட்டுப்பாடு வேறு. பதிவேட்டைப் புதுப்பித்துக்கொண்டும் இருக்க வேண்டும். அட்டவணைக் கட்டத்தில் 'ஆம், இல்லை' என்று மட்டும் எழுதும் வகை, ஆரக்கிளுக்கு 2023-இல்தான் வந்தது. அதுவரை துபாஷி அந்த இடத்தில் 1, 0 என்று எண் போட்டுச் சமாளித்து வந்தது.

வெறுமையும் அறியாமையும்

இனி ஆச்சியின் பெயருக்கு வருவோம்.

நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்தும் பெயரும்தான். எங்கள் பேரேட்டில் தலைப்பெழுத்துக்கு ஒரு கட்டம், பெயருக்கு ஒரு கட்டம். பட்டியல் அச்சிடும்போது இரண்டையும் ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு எஸ்.க்யூ.எல்.லில் || என்று இரண்டு செங்குத்துக் கோடுகள் போடுவார்கள். ஆச்சி சேரும்போது வெறும் பெயரை மட்டும் சொல்லியிருக்கிறார். தலைப்பெழுத்துக் கட்டம் காலி.

இந்தக் காலியைத்தான் இரண்டு டேட்டாபேஸ்களும் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டன. எஸ்.க்யூ.எல்.லில் 'நல்' என்று ஒரு நிலை உண்டு. அதற்குப் பொருள் "தெரியாது" என்பது. "தலைப்பெழுத்து இல்லை" என்பது வேறு, "தலைப்பெழுத்து தெரியாது" என்பது வேறு. ஒன்று வெறுமை, மற்றது அறியாமை. ஆரக்கிள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. வெற்றுச் சொல்லைக் கொடுத்தாலும் அதை 'நல்' என்றே வைத்துக்கொள்ளும். அதற்கு ஈடாக, 'நல்'லோடு பெயரை ஒட்டச் சொன்னால் அதைப் பொருட்படுத்தாமல் பெயரை மட்டும் திருப்பித் தரும். ஆகவே அங்கே ஆச்சி பத்திரமாக இருந்தார்.

போஸ்ட்கிரெஸ் கண்டிப்பானது. பாதி தெரியாததோடு மீதியை ஒட்டினால் முழுவதும் தெரியாததுதான் என்பது அதன் வாதம். உலக இலக்கணத்தின்படி அதுதான் சரி. ஆரக்கிளிலிருந்து 'நல்' ஆகவே வந்து சேர்ந்த தலைப்பெழுத்தோடு ஒட்டியதும், ஆச்சியின் முழுப் பெயரும் 'தெரியாதது' ஆகிவிட்டது. பெயர் இல்லாத வரிகளை அச்சிட வேண்டாம் என்று எங்கள் நிரலில் ஏற்கெனவே ஒரு கட்டளை இருந்தது. ஆக, தலைப்பெழுத்து இல்லாத பதினொரு பேரும் சத்தமில்லாமல் வெளியே தள்ளப்பட்டார்கள்.

"அப்படியானால் உன் துபாஷி என்ன செய்துகொண்டிருந்தது?" என்று கேட்டேன்.

"அதுகிட்ட கேக்கவே இல்லை, மாமா. மத்த எல்லாத்துக்கும் ஜாங்கோவை வச்சிருக்காங்க. இந்தப் பட்டியலுக்கு மட்டும் பழைய வாசகத்தை அப்படியே நேரா எழுதிட்டாங்க" என்றாள்.

ஜாங்கோவில் சொற்களை ஒட்ட 'கான்கேட்' என்று ஒரு வழி இருக்கிறது. எந்த டேட்டாபேஸில் ஒரு 'நல்' முழுவதையும் விழுங்கிவிடுமோ, அங்கே அது ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால், "இது 'நல்' ஆனால் வெற்றுச் சொல்லாக எடுத்துக்கொள்" என்று தானாகவே சேர்த்துவிடும். ஆரக்கிள் வெறுமையை 'நல்' ஆகப் பார்க்கும் என்பதும் அதன் பதிவேட்டில் ஒரு குறிப்பாகவே இருக்கிறது. எங்கோ, யாரோ, இதே போன்ற பெயர்களைத் தொலைத்துவிட்டு, அந்த அனுபவத்தை அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நிற்கும் பிழை, நிற்காத பிழை

இரயில்வேக்காரனுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. பிராட் கேஜ் 1676 மில்லிமீட்டர், மீட்டர் கேஜ் 1000 மில்லிமீட்டர். 1976 வரை திருவனந்தபுரத்துக்கு மீட்டர் கேஜ்தான். எழுபதுகளின் நடுப்பகுதிவரை வடக்கேயிருந்து பிராட் கேஜில் வருபவர்கள் எர்ணாகுளத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும். தொல்லைதான், ஆனால் ஆபத்து இல்லை. அகலம் ஒத்துவராத பாதையில் வண்டி ஏறவே ஏறாது. 'லிமிட்' என்பதற்குப் பதில் 'டாப்' என்று எழுதினால், டேட்டாபேஸ் "புரியவில்லை" என்று நின்றுவிடும். இது கேஜ் பிழை. நிற்கிற பிழை நல்ல பிழை.

கைகாட்டி சிக்னலின் கம்பி அறுந்தால், கை தானாகவே 'நில்' என்ற நிலைக்குப் போகும்படிதான் அமைத்திருப்பார்கள். கெட்டாலும் பாதுகாப்பான பக்கம் கெட வேண்டும் என்பது எங்கள் துறையின் பாலபாடம். எஸ்.க்யூ.எல். வழக்குகளில் சில வேறுபாடுகள் அப்படி அமையவில்லை. கம்பி அறுந்த பிறகும் 'போ' என்றே காட்டுகின்றன.

ஏழை இரண்டால் வகுக்கச் சொல்லுங்கள். 7/2 என்று முழு எண்களைக் கொடுத்தால் ஆரக்கிளும் மைஎஸ்கியூஎல்லும் மூன்றரை என்கின்றன. போஸ்ட்கிரெஸ்ஸும் மைக்ரோசாப்டும் மூன்று என்கின்றன. பங்குத்தொகை பிரிக்கும் சங்கத்தில் அரை ரூபாய் எங்கே போனது என்று யார் தேடுவது? இரண்டு செங்குத்துக் கோடுகள் பெரும்பாலான இடங்களில் ஒட்டுவதற்கான குறி. மைஎஸ்கியூஎல்லின் இயல்பான அமைப்பில் 'அல்லது' என்று பொருள். நம் 'அவசரம்' போலத்தான். பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தேடுவதும் சிறிய எழுத்தில் தேடுவதும் மைஎஸ்கியூஎல்லுக்கு வழக்கமாக ஒன்றுதான். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு வேறு வேறு. பெயர்களை வரிசைப்படுத்தினால், 'நல்' உள்ளவர்களை மைஎஸ்கியூஎல் முதலில் நிறுத்தும். ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸ்ஸும் கடைசியில் நிறுத்தும். முதல் ஐம்பது பேருக்கு மட்டும் உதவி என்றால், அந்த ஐம்பது பேர் யார் என்பதே மாறிவிடும்.

இவற்றில் எதற்கும் பிழைச் செய்தி வராது. துபாஷியின் உண்மையான வேலை இங்கேதான். சொல்லை மாற்றுவது எளிது. ஒரே சொல்லுக்கு எதிரே இருப்பவர் என்ன பொருள் கொள்கிறார் என்று அறிந்து, நம் கருத்தை மாறாமல் கொண்டுசேர்ப்பதுதான் கடினம். எத்தனை திறமையான துபாஷியானாலும் எல்லாவற்றையும் மறைத்துவிட முடியாது என்பதையும் மருமகள் ஒப்புக்கொண்டாள். நல்ல நூலகங்கள், ஒரே சோதனைத் தொகுப்பை ஒவ்வொரு டேட்டாபேஸிலும் ஓட்டிப் பார்த்து, விடை ஒன்றாக வருகிறதா என்று ஒப்பிடுகின்றன. நாங்கள் அதைச் செய்யவில்லை. ஓடுகிறதா என்று பார்த்தோம். சரியாக ஓடுகிறதா என்று பார்க்கவில்லை. குறை எந்த டேட்டாபேஸிலும் இல்லை, அந்த இளைஞரிடமும் இல்லை. பேரேட்டை ஒப்படைக்கும்போது எண்ணிப் பார்க்க வேண்டிய நாங்கள் எண்ணவில்லை.

நாம் செய்யக்கூடியது

சங்கம், கோவில் அறக்கட்டளை, குடியிருப்போர் நலச் சங்கம் என்று நம்மில் பலர் இப்போது கணிப்பொறியில் பட்டியல் வைத்திருக்கிறோம். மாற்றும் காலம் எல்லாருக்கும் வரும். என் அனுபவத்தில் மூன்று காரியங்களைச் சொல்வேன்.

முதலாவது, மாற்றுவதற்கு முன் பழைய பட்டியலை அச்சிட்டு, தலைகளை எண்ணிக் கையெழுத்திட்டு வையுங்கள். மாற்றிய பின் மறுபடி எண்ணுங்கள். மொத்தம் மட்டும் போதாது. ஒவ்வோர் உதவித் திட்டத்துக்கும் தனித்தனியாக எண்ணுங்கள்.

இரண்டாவது, காலிக் கட்டம் உள்ளவர்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். தலைப்பெழுத்து இல்லாதவர், பிறந்த தேதி தெரியாதவர், தொலைபேசி இல்லாதவர். பிழை அவர்கள் மேல்தான் முதலில் விழும். கேட்க வராமல் இருப்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

மூன்றாவது, மென்பொருள் எழுதித் தரும் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "துபாஷியை விட்டுவிட்டு நேராக எழுதிய இடங்கள் எவை?" அந்த இடங்களின் பட்டியலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியைக் கேட்டதும் பிள்ளைகள் நம்மைச் சற்று மரியாதையோடு பார்ப்பார்கள் என்பது உபரி இலாபம்.

மருமகள் அந்த ஒரு வாசகத்தை மாற்ற எடுத்துக்கொண்ட நேரம் பத்து நிமிடம்கூட இருக்காது. பதினொரு பெயர்களும் திரும்பி வந்தன. மறுநாள் தொகையை எடுத்துக்கொண்டு ஆச்சி வீட்டுக்கு நானே போனேன். நடந்ததை எப்படி விளக்குவது என்று தெரியாமல், "தலைப்பெழுத்துக் கட்டம் காலியாக இருந்ததால் வந்த குழப்பம், ஆச்சி" என்றேன்.

அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்பம் அவுக எழுத்த முன்னால போட்டுக்கிடவா தம்பி? அடுத்த வருசம் விட்டுப்போவாதுல்லா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். அவர் பெயர் அவர் சொன்னபடியே இருக்கட்டும். அதைப் படிக்கக் கணிப்பொறிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்றேன். மற்ற பத்துப் பேரின் வீடுகளுக்கும் அந்த வாரமே போய்வந்தோம்.